அடித்தால்தான் கொடுமையா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

சென்ற ஆண்டு சித்திரை மாதம். விளக்கு வைக்கும் நேரம். என் அக்கா தன் நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அரைமணி நேரத்தில் பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டுத் தாத்தா என்று எல்லோரும் திண்ணையில் கூடிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"மாப்பிள்ளை கை நீட்டினாரா?"

"இல்லை" என்றாள் அக்கா.

"குடிச்சிட்டு வர்றாரா?"

"இல்லை."

"அப்புறம் என்னம்மா? நாலு வார்த்தை பேசியிருப்பார். குடும்பம்னா நாலும் இருக்கும். நாளைக்குக் காலையில் நாங்களே கொண்டுபோய் விடுகிறோம்."

அக்கா அதன்பின் வாய் திறக்கவில்லை. அன்றிரவு அம்மாவிடமும் என்னிடமும் மட்டும் சொன்னாள். மாமா வேலைக்குப் போகும்போது வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போவாராம். கடைக்குப் போய் வந்தால் சில்லறையை எண்ணி வாங்கிக்கொள்வாராம். கைப்பேசியை ஒவ்வோர் இரவும் சோதிப்பாராம். "இன்றைக்கு அம்மா யாரிடம் பேசினாள்?" என்று குழந்தையையே சாட்சி கேட்பாராம். எங்கள் வீட்டுக்கு அவள் ஒன்றரை ஆண்டாக வராததற்குக் காரணம் இதுதான் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்காவிடம் ஒப்புதல் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே ரேஷன் அட்டைத் திருத்தம் முதல் வங்கிப் படிவம் வரை எல்லாம் என்னிடமே வரும். அக்கா விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கும் பொறுப்பும் அப்படித்தான் என்னிடம் வந்தது. நம் கல்லூரி நூலகத்துக் கணினியில் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டு வழக்கு ஒன்றின் விவரம் கண்ணில் பட்டது. ஒரு குடும்பமே அழிந்துபோன வழக்கு அது. நம் நாட்டில் இத்தகைய கொடுமைகள் நடவாமல் இல்லை. ஆயினும் அந்த வழக்கில், அழிவுக்கு முன் என்னென்ன நடந்தன என்பதை அரசு விசாரணை ஒன்று படிப்படியாக ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. ஆகவே அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

பிரிஸ்பேனில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகர் பிரிஸ்பேன். அந்நகரில் காம்ப் ஹில் என்றொரு பகுதி. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் காலை, ஹன்னா கிளார்க் என்ற 31 வயதுப் பெண்மணி தம் மூன்று குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டார். குழந்தைகளின் வயது 6, 4, 3. அப்போது அவரைப் பிரிந்து வாழ்ந்த கணவன் அந்தக் காருக்குள் ஏறினான். பெட்ரோலை ஊற்றித் தீ வைத்தான். குழந்தைகள் மூவரும் காருக்குள்ளேயே இறந்தனர். எரிந்த உடலோடு வெளியே வந்த ஹன்னா, ஓடிவந்து உதவியவர்களிடம் நடந்ததைத் தம் வாயாலேயே சொன்னார். அன்றே மருத்துவமனையில் உயிர் நீத்தார். கணவனும் கத்தியால் தன்னைத் தானே குத்திக்கொண்டு அங்கேயே செத்தான்.

மறுநாள் பத்திரிகையாளரைச் சந்தித்த காவல்துறை அதிகாரி ஒருவர், கணவன் தாங்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டு இப்படிச் செய்தானோ என்ற கோணத்தையும் திறந்த மனத்தோடு பார்ப்பதாகப் பேசிவிட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் அந்த விசாரணைப் பொறுப்பிலிருந்து விலகினார். காவல்துறைத் தலைமை அந்தப் பேச்சுக்காக வருத்தம் தெரிவித்தது.

நண்பர்களே, அந்த அதிகாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊரிலும் இப்படி ஒரு கொலை நடந்தால், "அவள் என்ன செய்தாளோ?" என்பதுதானே டீக்கடைப் பெஞ்சில் எழும் முதற் கேள்வி? "குடும்பத் தகராறில் ஆத்திரம்" என்றுதானே நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம்? திடீரென்று வந்த கோபம், கண நேரத்தில் நடந்த தவறு என்ற எண்ணம் நம் எல்லோர் மனத்திலும் ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

அடி இல்லாத ஆண்டுகள்

குவீன்ஸ்லாந்தின் துணைநிலை மரண விசாரணை அதிகாரி ஜேன் பென்ட்லி 2022 ஜூன் மாதம் தம் முடிவுகளை வெளியிட்டார். கணவனுக்கு மனநோய் எதுவும் இல்லை என்றும், பிறரைத் தன் விருப்பப்படி ஆட்டிவைப்பதில் அவன் கைதேர்ந்தவன் என்றும் அவர் முடிவு கூறினார்.

ஹன்னா 2012இல் அவனை மணந்தார். மணவாழ்வில் அவர் என்ன உடுத்தலாம், எதை உடுத்தக்கூடாது என்பதை அவன் முடிவு செய்தான். அவருடைய தொலைபேசியைக் கண்காணித்தான். பெற்றவரிடமிருந்தும் உற்றவரிடமிருந்தும் அவரைப் பிரித்து வைத்தான். தான் கேட்டது நடக்காவிட்டால் நாள்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டான். ஆயினும் கைநீட்டி அடிப்பது அவன் வழக்கமாக இருக்கவில்லை. அதனாலேயே தாம் அனுபவிப்பது குடும்ப வன்முறை என்பது நெடுநாள் ஹன்னாவுக்கே தெரியவில்லை!

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது.

2019 இறுதியில் ஹன்னா குழந்தைகளோடு காம்ப் ஹில்லில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. டிசம்பர் 26ஆம் நாள் அவன் ஒரு மகளைத் தூக்கிக்கொண்டு மாநில எல்லை தாண்டிப் போய்விட்டான். சில நாள் கழித்தே குழந்தை மீண்டது. அவன் மீது பாதுகாப்பு ஆணை வந்தது. ஜனவரி இறுதியில் அவன் ஹன்னாவின் கையைப் பிடித்து முறுக்கினான். ஆணையை மீறியதாக வழக்குப் பதிவாயிற்று. பிப்ரவரி 19இல் எல்லாம் முடிந்தது. அவர் வீட்டை விட்டு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

ஆயத்தமாகப் பெட்ரோல் வாங்கி வைத்துக்கொண்டு வருபவன் எப்படிக் கண நேரக் கோபத்துக்கு ஆளானவன் ஆவான்?

எட்டுப் படிகள்

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் மாங்டன் ஸ்மித் என்ற பேராசிரியை, தம் வாழ்க்கைத் துணையாலோ முன்னாள் துணையாலோ கொல்லப்பட்டவர்களின் 372 வழக்குகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கொலைக்கு முன் எட்டுப் படிகள் இருப்பதாக அவர் கண்டார்.

முதற்படி, அந்த ஆணுக்கு முன்பே பிற பெண்களைத் துன்புறுத்திய வரலாறு இருப்பது. இரண்டாவது, உறவு மிக வேகமாக இறுகிவிடுவது. மூன்றாவது, வாழ்க்கை முழுவதும் அவன் கட்டுப்பாட்டுக்குள் வருவது. நான்காவது, அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆபத்து வருவது. பெரும்பாலும் பெண் பிரிந்து போவதே அது. ஐந்தாவது, மிரட்டலும் பின்தொடர்தலும் கெஞ்சலும் மிகுவது. ஆறாவது, அவன் எண்ணம் மாறுவது. "இனி அவள் திரும்பமாட்டாள்" என்றாகும்போது பழிவாங்கும் முடிவுக்கு வருவது. ஏழாவது, திட்டமிடுவது. எட்டாவது, கொலை. அந்தக் கொலையில் குழந்தைகளும் சேர்ந்து மடிவதுண்டு.

இதை என் பாடத்தைக் கொண்டே விளக்குகிறேன். நம் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்கிறோம். குடுவையில் அமிலம். அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். மேலே பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பத்து மில்லி இறங்கினாலும் குடுவையில் நிறம் இல்லை. "ஒன்றும் நடக்கவில்லை" என்றுதான் புதிதாகப் பார்ப்பவன் நினைப்பான். கடைசி ஒரு சொட்டில் குடுவை முழுதும் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. அந்த ஒரு சொட்டா நிறத்தை மாற்றியது? முதற் சொட்டு விழுந்தபோதே உள்ளே வினை தொடங்கிவிட்டது. நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

நாளிதழ்கள் கடைசிச் சொட்டைச் சொல்கின்றன. நாம் பியூரெட்டின் அளவுகோலைப் படிக்கக் கற்க வேண்டும்.

பிரியும்போதுதான் ஆபத்து

அந்த அளவுகோலை ஆக்கித் தந்தவர் ஒரு செவிலியர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துச் செவிலியர் கல்லூரிப் பேராசிரியை ஜாக்குலின் கேம்ப்பெல். வன்முறைக்கு ஆளான பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கண்டறிய 1980களில் அவர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். இன்று அதில் 20 கேள்விகள் உள்ளன. 2003இல் அவரும் அவர் குழுவினரும் 11 அமெரிக்க நகரங்களில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். கொல்லப்பட்ட பெண்களின் வாழ்க்கையையும், வன்முறைக்கு ஆளாகியும் உயிரோடிருக்கும் பெண்களின் வாழ்க்கையையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது.

அதில் ஒரு முடிவு என்னை உலுக்கிவிட்டது. கட்டுப்பாட்டில் மிகக் கடுமையான ஓர் ஆணோடு சேர்ந்து வாழ்ந்த பெண் அவனைப் பிரிந்துவிட்டால், அவள் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 9 மடங்காகிறது! துப்பாக்கி அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது, அவன் கொன்றுவிடுவதாக மிரட்டியிருப்பது, அவனுக்கு வேலையில்லாமல் இருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பின்னர் 2008இல் வெளிவந்த ஆய்வு மற்றொன்றைச் சொன்னது. ஒரு முறையேனும் கழுத்தை நெரித்தவன், பின்னாளில் அப்பெண்ணைக் கொல்லும் வாய்ப்பு 7 மடங்குக்கும் அதிகம். கழுத்தை நெரித்த தடம் பலமுறை வெளியில் தெரிவதில்லை. "காயம் எதுவும் இல்லையே" என்று நாம் அனுப்பிவிடுகிறோம்.

அவரது பட்டியலில் உள்ள கேள்விகளில் சிலவற்றின் கருத்தை என் சொற்களில் தருகிறேன். உன் அன்றாட நடவடிக்கைகளையெல்லாம் அவனே முடிவு செய்கிறானா? ஓயாமல் சந்தேகப்படுகிறானா? பின்தொடர்கிறானா, ஒற்று வைக்கிறானா? உன் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வதாக மிரட்டினானா? தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டினானா? கழுத்தை நெரித்ததுண்டா? கடந்த ஓராண்டில் நீ அவனை விட்டுப் பிரிந்தாயா? உன்னைக் கொல்லக்கூடியவன் என்று நீயே நினைக்கிறாயா?

"செத்துப்போவேன்" என்று ஆண் சொன்னால் நாம் இரக்கப்படுகிறோம். சேர்த்து வைக்க ஓடுகிறோம். மனைவி மக்களைக் கொல்பவர்களில் பலர் தாமும் சாகத் துணிந்தவர்களே. தன் உயிரையே பொருட்படுத்தாதவனைச் சிறைத் தண்டனை எப்படி அச்சுறுத்தும்? பிள்ளைகளை ஏன் கொல்கிறான் என்று கேட்கலாம். தன் கையை மீறிப்போனவளைத் தண்டிக்க அவனிடம் மிஞ்சியிருப்பது பிள்ளைகள்தாம். அவர்களையும் அவன் தன் உடைமையாகவே எண்ணுகிறான்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மனைவியை அடக்கி ஆளும் எல்லா ஆண்களும் கொலைகாரர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆகாதவர்களே மிகப் பலர். ஆயினும் 2023இல் உலகெங்கும் 51,100 பெண்களும் சிறுமியரும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டனர் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. நாளொன்றுக்கு 140 பேர். மேலும், கொலையில் முடியாவிட்டாலும் பூட்டிய வீடு பூட்டிய வீடுதான். ஒரு மனுஷியைச் சில்லறை எண்ணி வாங்கி வைத்திருப்பது தன்னளவிலேயே கொடுமை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க அறிஞர் இவான் ஸ்டார்க் 2007இல் வெளியிட்ட நூலில் இந்த அடக்கியாளும் கட்டுப்பாட்டை, பெண்ணின் சுதந்திரத்துக்கு எதிரான குற்றம் என்றே விளக்கினார். இங்கிலாந்தும் வேல்சும் 2015இல் இயற்றிய சட்டத்தில் அதைக் குற்றமாக்கின. ஸ்காட்லாந்தின் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஹன்னாவின் பெற்றோர் மகளையும் பேரக்குழந்தைகளையும் இழந்த துயரத்தோடு ஊர் ஊராகப் பேசினார்கள். குவீன்ஸ்லாந்து 2024 மார்ச்சில் சட்டம் நிறைவேற்றியது. 2025 மே 26 முதல் அங்கே இது 14 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நிற்க. நம் நாட்டில் என்ன இருக்கிறது? நான் தேடப் போனதே அதற்காகத்தான்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலை வருத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வருத்துவது, பொருளாதார வகையில் வருத்துவது என்று நான்கையும் அச்சட்டம் வன்முறை என்கிறது. செலவுக்குப் பணம் தராததும், அவள் சம்பாத்தியத்தைப் பிடுங்கிக்கொள்வதும் பொருளாதாரக் கொடுமையே. மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணை, குடியிருக்கும் உரிமை, பண உதவி, குழந்தையைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் ஆணை ஆகியவற்றைக் கேட்கலாம். மனு கிடைத்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நடப்பதே முறை என்கிறது சட்டம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனு எழுத உதவுவதற்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையத்தை அழைக்கலாம்.

ஆக, "அடித்தால்தான் கொடுமை" என்று சட்டம் சொல்லவில்லை. நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றும், "கல்லானாலும் கணவன்" என்றும் பழமொழி சொல்லி அனுப்பி வைக்கிறவர்களும் நாமேதான்.

எங்கள் வீட்டில்

அக்கா வந்த பதினோராம் நாள் மாமா பேசினார். அழுதார். "கடைசியா ஒரு தடவை அவளைத் தனியா அனுப்புங்க. பேசி முடிச்சுக்கிறேன். பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வரட்டும்" என்றார். பெரியப்பா மனம் இளகிவிட்டார். அம்மாவும்தான். நான் மட்டும் கூடாது என்றேன். "படிச்சுட்ட திமிரு. நாலெழுத்து தெரிஞ்சதும் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறான்" என்று அத்தை சொன்னார். அந்த வார்த்தை இன்றும் வலிக்கிறது.

அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. எழுத்து தெரியாது. அவரை உட்காரவைத்து, பிரிஸ்பேனில் நடந்ததை டிசம்பர் 26 முதல் பிப்ரவரி 19 வரை நாள் நாளாகச் சொன்னேன். இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "நீ தனியாப் போகப் பயப்படுறியாம்மா?" என்றார். வந்த நாளாக யாரும் கேட்காத கேள்வி அது. அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவளைத் தனியாக அனுப்பவில்லை.

மாமா என்ன நினைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. பேசத்தான் அழைத்திருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள என் அக்காவையும் பாப்பாவையும் வைத்துச் சோதனை செய்து பார்க்க முடியாது.

பாதுகாப்பு அலுவலர் வழியாக மனுக் கொடுத்தோம். அக்காவின் சான்றிதழ்களையும் பாப்பாவின் துணிகளையும் எடுக்கப் போனபோது அப்பாவும் இன்னும் மூவரும் கூடப் போனார்கள். பாப்பாவை யார் வந்து கேட்டாலும் எங்களைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று பாலர் பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அக்கா தையல் வேலைக்குப் போகிறாள்.

அன்புள்ள நண்பர்களே, நம்மில் பலருக்கு வீட்டில் அக்கா தங்கை உண்டு. என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களும் பலர். நாளை திண்ணையில் நம்மையும் உட்காரவைத்துக் கருத்துக் கேட்பார்கள். அப்போது "கை நீட்டினானா?" என்று கேட்காதீர்கள். "உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவள் "ஆம்" என்றால் காயத்தைத் தேடாதீர்கள். அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்.